அரக்கு அரக்காகத் தெரிய வேண்டும்: 43 இன்ச் டிவி, வாங்கிய பின்

கும்பகோணத்தில் வாங்கிய 43 இன்ச் 4கே எல்இடி டிவி. பேனலுக்கு, அதாவது திரைக்கு, நல்ல மார்க் போடலாம். மாட்ட வந்த தம்பி வைத்துவிட்டுப் போன படத்துக்கு முட்டைதான். "கலர் எப்படி அள்ளுது பாருங்கண்ணே" என்றார். அள்ளத்தான் செய்தது.

நான் திருபுவனத்தில் பட்டு நெய்கிறவன். அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு இந்தத் தொழிலில் சோறு கிடையாது. செய்தி வாசித்த அம்மாவின் அரக்குப் புடவை செக்கச்செவேல் என்று வந்து நின்றது. முகத்தில் ஆரஞ்சு. அறுவடைக்கு நிற்கிற வயலும் பச்சைப்பசேல். காரணம் 'விவிட்' மோட். கடை வெளிச்சத்தில், வரிசையாக மாட்டிய டிவிகளுக்கு நடுவே கண்ணை இழுப்பதற்கு அது சரி. வீட்டுக் கூடத்துக்கு ஆகாது.

பிக்சர் மோடில் போய் 'சினிமா' அல்லது 'மூவி' வையுங்கள். சில டிவியில் 'ஃபிலிம்மேக்கர்' என்றும் இருக்கும். வைத்தவுடன் வீட்டில் எல்லோரும் "என்ன இப்படி மஞ்சளா இருக்கு" என்பார்கள். என் வீட்டிலும் சொன்னார்கள். கலர் டெம்பரேச்சர் 'வார்ம்' ஆக மாறியதுதான் விஷயம். முன்பிருந்த 'கூல்' வெள்ளை வேட்டிக்கு நீலம் அதிகம் போட்ட மாதிரி. கண் அதற்குப் பழகியிருக்கும். பொறுத்துப் பாருங்கள், பழைய வெள்ளைதான் பொய் என்று தெரியும்.

படம் மங்கலாகத் தோன்றினால் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை, ஏற்றுங்கள். பல டிவியில் 'பிரைட்னஸ்' என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கானது. அதை ஏற்றினால் இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். இது டிவிக்கு டிவி மாறும். ஷார்ப்னஸ் பெரும்பாலும் தேவையே இல்லை. செய்தியில் கீழே ஓடும் எழுத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அது ஒளிபரப்பில் இல்லாத கோடு, டிவி தானாகப் போட்டது. கோடு மறையும்வரை குறைத்துவிட்டால் போதும்.

அப்புறம் மோஷன். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். நடுவில் டிவி தானாக ஃபிரேம் செய்து நுழைப்பதால் பழைய படம்கூட சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடும். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்குக் கொஞ்சம் இருந்தால் பந்து தெளிவாகத் தெரிகிறது என்கிறான் பையன். எனக்கு அதில் கருத்து இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டு கேபிள் பாக்ஸுக்குப் போனால் பழைய கோலத்திலேயே இருக்கும். பல டிவிகளில் பாக்ஸை இணைக்கும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் அமைப்பு தனி. 'எல்லா இன்புட்டுக்கும்' என்று ஒரு வரி இருந்தால் அதைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்பச் செய்ய வேண்டியதுதான். கேபிளில் முகங்கள் உப்பித் தெரிந்தால் ஆஸ்பெக்ட் ரேஷியோவையும், அதாவது படத்தின் அகல உயர விகிதத்தையும், பாருங்கள்.

சத்தம் சுமார். ஸ்பீக்கர் கீழே பார்த்திருக்கிறது, சுவரில் மாட்டினால் வசனம் அமுங்குகிறது. 'க்ளியர் வாய்ஸ்' வைத்தபின் தேவலை. பக்கத்தில் தறி ஓடினால் அதுவும் கேட்காது.