ஐந்து கியர் என்று சொல்லி நான்கு கியர் இஞ்சின்: 34,000 ரூபாய் போயிற்று, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

34,000 ரூபாய். ஓட்டை பைக் இஞ்சின் ஒன்றை என் தலையில் கட்டியவன், இன்று மதியம் என் கைபேசி எண்ணையும் தடுத்துவிட்டான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 135 பைக்கின் சேசிஸை (அடிச்சட்டத்தை) வைத்து வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபோர்க் ஒரு வண்டியுடையது, சக்கரங்கள் இன்னொன்றுடையவை, டேங்க் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பொறுக்கியது. பழைய நான்கு கியர் இஞ்சினின் கேஸ் (வெளிக்கூடு) உடைந்து கிடக்கிறது. அதே சேசிஸில் உட்காரும் ஐந்து கியர் இஞ்சின் வேண்டும். நல்ல நிலையில் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று இந்த வண்டிப் பித்துப் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் இருந்தது. 'ஐந்து கியர், ஸ்டாண்டர்ட் பிஸ்டன், ரீபில்ட் செய்தது.' பேசினேன். அவன் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "சேசிஸ் எண் தெளிவாக இருக்கிறதா தம்பி? ஆர்.சி. யார் பெயரில்?" என்று என்னைத்தான் விசாரித்தான். "போலி கார்புரேட்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள், பெட்ரோல் குறைவாக இறங்கினால் பிஸ்டன் இறுகி இஞ்சின் சீஸ் ஆகிவிடும்" என்றான். சொன்னது அத்தனையும் சரி. தொழில் தெரிந்தவன், அதுவும் தம்பி தம்பி என்று அழைப்பவன், ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? என் பெயரும் தேதியும் எழுதிய தாளை இஞ்சின் மேல் வைத்துப் படம்கூட அனுப்பினான். அந்தத் தாள் எங்கே இருந்தது தெரியுமா? இஞ்சின் எண் பொறித்த இடத்தின் மேலேயே! செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போகும் என்றான். யு.பி.ஐ.யில் 34,000 ரூபாய் அனுப்பினேன்.

லாரி பார்சலில் சாக்கு மூட்டையாக வந்தது. ஸ்ப்ராக்கெட்டைக் கையால் சுற்றிக்கொண்டே லீவரை அழுத்தி எண்ணினேன். நான்கு. மறுபடியும் எண்ணினேன். நான்கேதான். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் 1.00 என்று முத்திரை. ஸ்டாண்டர்டாம்! கம்பெனி அளவைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன். உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, போர் போட்டுப் போட்டுச் சாகக் கிடக்கும் சிலிண்டர். எண் இருக்கும் இடத்தில் அரம் ஓடிய கோடுகள், அவற்றின் மேல் கையால் அடித்த இலக்கங்கள். ஒரு 8 சாய்ந்து நிற்கிறது. அதன் அடியில் பழைய இலக்கத்தின் வால் இன்னும் தெரிகிறது. இஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இந்த எண்ணோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நின்றால், எந்தத் திருட்டு வண்டியில் கழற்றியது என்றுதான் கேட்பார்கள்.

கூப்பிட்டேன். "ஐந்தாவது கியர் வண்டி ஓடினால்தான் விழும்" என்றான், கூசாமல். அடுத்து, "மெக்கானிக் சபரிமலைக்குப் போயிருக்கிறார்." அடுத்து, "நீங்கள் பிரித்துவிட்டீர்கள், இனி நான் பொறுப்பில்லை." கடைசியில் எண்ணைத் தடுத்துவிட்டான். செயலிக்காரர்களோ, 'வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பது மட்டுமே எங்கள் வேலை' என்று பதில் போட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். 34,000 ரூபாய் போனவனிடம் நட்சத்திரம்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இஞ்சின் எண்ணைக் கிட்டத்தில் எடுத்த படம் இல்லாமல் பேச்சே வேண்டாம். அந்த எண் உள்ள பழைய ஆர்.சி. நகலைக் கேளுங்கள். நேரில் போய்க் கியரை எண்ணிப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். நானும் அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அவன் விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை. அதே படம், அதே 'ஐந்து கியர்'. விலையை மட்டும் 36,000 ஆக்கியிருக்கிறான்.