கொல்லன் வேலை போன பிறகு: ஒரு ஆன்லைன் கேமில் ஏழு வருடம்

நான் ஏழு வருடமாக விளையாடும் ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேமில், போன வருட அப்டேட்டோடு கிராஃப்டிங் (ஆயுதம், கவசம் மாதிரி பொருட்களை நாமே செய்வது) முழுசாகப் போய்விட்டது. திறமைகளுக்கான ஸ்கில் பாயிண்ட்டுகளை இஷ்டப்படி பிரித்துப் போட்டு கேரக்டரை உருவாக்கும் வசதியும் கூடவே போனது. உடனே எழுதினால் கோபம்தான் எழுதும் என்று ஆறு மாதம் பொறுத்திருந்தேன்.

சண்டையில் நான் சுமார்தான். என் வேலை கொல்லன் வேலை. அந்த கேமில் இரும்புத் தாது எல்லாம் ஒரே தரத்தில் கிடைக்காது. நல்ல தாது ஏதாவது ஒரு மலையில் சில நாள் தலைகாட்டும், அப்புறம் மறைந்துவிடும். எங்கே, என்ன தரம் என்று நோட்டுப் போட்டுக் குறித்து வைத்திருந்தேன் (வீட்டில் சிரித்தார்கள்). அந்தத் தாதுவில் நான் அடித்த வாளில் என் பெயர் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் தேடி வந்து, "போன வாள் உடைந்துவிட்டது, அதே மாதிரி இன்னொன்று வேண்டும்" என்று கேட்பார். எனக்கு கேம் என்றால் அதுதான்.

'கிராஃப்டிங்கை யாரும் பயன்படுத்துவதில்லை' என்று கேமை நடத்துபவர்கள் காரணம் சொன்னார்கள். எப்படிப் பயன்படுத்துவார்கள்? முதலில் ஆயுதம் தேய்ந்து உடைவதை நிறுத்தினார்கள். உடையாத வாளை யார் இரண்டாம் முறை வாங்குவார்? அடுத்து, நாங்கள் செய்வதைவிட நல்ல வாளை பாஸ் லூட்டிலேயே (பெரிய எதிரியை வீழ்த்தினால் கிடைக்கும் பொருட்களிலேயே) கொடுத்தார்கள். கடைக்கு வரும் வழியை அடைத்துவிட்டு, வியாபாரம் இல்லை என்று கடையையும் மூடியாயிற்று.

ஸ்கில் பாயிண்ட் விஷயத்தில் அவர்கள் சொன்னதில் பாதி நியாயம். பெரும்பாலோர் ஒரே பில்ட்டைத்தான் (பாயிண்ட்டுகளைப் பிரித்துப் போடும் விதம்) காப்பி அடித்தார்கள். என் இரண்டாவது கேரக்டரும் காப்பிதான். ஆனால் முதல் கேரக்டர், கனமான கவசம் போட்டுக்கொண்டு வைத்தியமும் பார்க்கும் கொல்லன். கணக்குப் பார்த்தால் உருப்படாத பில்ட். இப்போதுள்ள மூன்று ரெடிமேட் பாதைகளில் அவனுக்கு இடமே இல்லை.

புதிதாக வருபவர்களுக்கு இப்போது சுலபம், மறுக்கவில்லை. லெவல் வேகமாக ஏறுகிறது, தவறான பில்ட்டில் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

இதெல்லாம் முன்பும் நடந்ததுதான். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆன்லைன் கேமில் 2005 நவம்பரில் முப்பதுக்கும் மேலான தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். நிறைய பழைய ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், 2011 டிசம்பரில் அந்த கேமையே மூடினார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு கேமில் 2012-ல் நீக்கிய டேலண்ட் ட்ரீயை (பாயிண்ட் போட்டுத் திறமைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி) 2022-ல் புது வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். பத்து வருடம்!

நான் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், கில்டுக்காக (சேர்ந்து விளையாடும் எங்கள் குழு) மட்டும் போகிறேன். மிச்சமிருக்கும் தாதுவை நாணயமாக மாற்ற ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் அமுக்கவில்லை. அதனால் பெட்டியில் லூட் வைக்க இடமில்லாமல் ஒவ்வொரு தடவையும் திண்டாடுகிறேன்.