ஒரு பிழை, இரண்டு மெயின்டெய்னர்கள்: பேட்ச் எந்த வழியாகப் போகலாம்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். லினக்ஸின் மையமான கெர்னலில் பிழை ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டு பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதி, அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர்கள் இருவருக்கும் அனுப்பியிருக்கிறான். முதல் பேட்ச், ஒரு சப்சிஸ்டத்தின் (கெர்னலின் உட்பிரிவின்) பொதுக் கோப்பில் சின்னதாக ஒரு ஃபங்ஷனைச் சேர்க்கிறது. இரண்டாவது, வேறொருவர் பொறுப்பிலுள்ள டிரைவரில் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரலில்) அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பிழையைச் சரிசெய்கிறது.

"அண்ணே, ரெண்டு பேருமே நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. ஆறு வாரமாச்சு, ஒருத்தரும் எடுக்கல."

அவர் எடுப்பார் என்று இவரும், இவர் எடுப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். இப்படி நடுவில் தொங்கும் பேட்ச்களை நிறையப் பார்த்துவிட்டேன். அனுப்பும்போதே வழியைச் சொல்லிவிட்டால் இந்தத் தவிப்பு இல்லை. வழிகள் மூன்று.

அவரவர் பேட்சை அவரவர் ட்ரீயில் (மெயின்டெய்னர் தனியாக வைத்திருக்கும் கெர்னல் நிரல் பிரதியில்) எடுத்துக்கொள்வது ஒன்று. பேட்ச்கள் ஒன்றையொன்று சாராதபோது இதுவே போதும். தம்பியின் கதை வேறு. இரண்டாவது பேட்ச் முந்திப் போனால், கூப்பிடும் ஃபங்ஷன் அங்கே இல்லாததால் கெர்னல் பில்டே ஆகாது. ஒவ்வொரு கமிட்டும் (பதிந்த மாற்றமும்) தனியாக பில்ட் ஆனால்தான் பின்னால் யாரும் கிட் பைசெக்ட் போட்டு, அதாவது கமிட்களைப் பாதி பாதியாகச் சோதித்துப் பிழையைத் தேட முடியும். அதோடு, ஒரு மெயின்டெய்னர் இப்போதே ஆர்சி கட்டத்தில் (ரிலீஸுக்கு முன் திருத்தங்களை எடுக்கும் காலத்தில்) அனுப்பி, மற்றவர் அடுத்த மெர்ஜ் விண்டோவுக்கு (அடுத்த ரிலீஸுக்கான புது மாற்றங்களை ஏற்கும் காலத்துக்கு) வைத்துவிட்டால் திருத்தம் இரண்டு ரிலீஸில் சிதறும். ஒரு ரிலீஸுக்கும் அடுத்ததற்கும் ஒன்பது, பத்து வாரம்.

பொது பிராஞ்ச் (கமிட்களின் தனிக் கிளை) இன்னொன்று. ஒருவர் பிராஞ்ச் போட்டு அதில் பேட்சை வைப்பார், இருவரும் அதையே இழுத்துக்கொள்வார்கள். கமிட்டின் ஹாஷ் (அடையாளக் குறி) இரு பக்கமும் ஒன்றே என்பதால், லினக்ஸை உருவாக்கிய டார்வால்ட்ஸின் ட்ரீயான மெயின்லைனில் சேரும்போது இரட்டிப்பு வராது. ஆனால் கொடுத்த பிராஞ்சை ரீபேஸ் செய்யவே கூடாது, அதாவது வேறு அடித்தளத்தில் வைத்துத் திருப்பி எழுதக் கூடாது; ஹாஷ் மாறிவிடும். பெரிய புது வசதிகளுக்கு அருமையான ஏற்பாடு. முப்பது வரித் திருத்தத்துக்கு இது அதிகம்.

நான் சொல்வது மூன்றாவதை. ஒருவர் இரண்டு பேட்சையும் எடுக்கட்டும், மற்றவர் ஆக்ட்-பை (சம்மதக் குறிப்பு) கொடுக்கட்டும். வரிசை குலையாது. அதே கோப்பில் வேறு மாற்றம் வந்து மோதலாமே என்றால், உண்மைதான். 2008 முதல் நடக்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட் எல்லா ட்ரீகளையும் சேர்த்துப் பார்ப்பதால் அந்த மோதல் சீக்கிரமே தெரிந்துவிடும்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம், ஏற்கெனவே வெளியான கெர்னல்களுக்குத் திருத்தம் கொண்டுபோகும் ஸ்டேபிள் ட்ரீ. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு வழியாக எங்கள் கடைமடைக்கு வருகிற மாதிரி, திருத்தம் முதலில் மெயின்லைனுக்குப் போனால்தான் ஸ்டேபிளுக்கு வரும். பேட்ச், சூழல் வரிகளோடு (மாற்றத்தைச் சுற்றியுள்ள மாறாத வரிகளோடு) சேர்த்து 100 வரிக்கு மிஞ்சக் கூடாது என்பதும் விதி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கும் போனுக்கும் திருத்தம் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். இரண்டு கமிட்டும் ஒரே ரிலீஸில் அடுத்தடுத்து இருந்தால் எடுப்பவருக்கு வேலை சுலபம். எந்த கமிட் பிழையைக் கொண்டுவந்தது என்று ஃபிக்ஸஸ் வரியில் ஹாஷின் முதல் 12 எழுத்தோடு எழுதிவிட்டால், எந்தப் பழைய கெர்னல் வரை போகவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தம்பியிடம் இரண்டாவது வெர்ஷனின் கவர் லெட்டரில் (பேட்ச்களோடு போகும் முன்னுரை மடலில்) முதல் வரியாக இதை எழுதச் சொன்னேன்: "இரண்டு பேட்சும் டிரைவர் ட்ரீ வழியாகப் போகட்டும், பொதுக் கோப்பின் மெயின்டெய்னருடைய ஆக் மட்டும் வேண்டும்."