காந்தி குல்லாயும் ஜின்னா தொப்பியும்

இரண்டையும் கழற்றினால் தட்டையாக மடிக்கலாம். ஒற்றுமை அத்தோடு சரி.

காந்தி குல்லாய் வெள்ளைக் கதர். பெயர்தான் காந்தியுடையது; 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறியபோதே அவர் அதைக் கைவிட்டார். நேருதான் அதைக் கடைசிவரை அணிந்தார். தைப்பவர் நெற்றிச் சுற்றளவோடு தையலுக்கு 2 செ.மீ. சேர்த்து வெட்டுவது போதாது. கதர் முதல் சலவையில் சுருங்கும். முன்பே நனைத்துக் காயவைக்காத துணியென்றால் துவைத்த பிறகு குல்லாய் தலையில் ஏறாது. கஞ்சி குறைந்தால் துவளும், மிகுந்தால் மடிப்பில் இற்றுப்போகும். மற்றபடி சோப்பும் இஸ்திரியும் போதும்.

1937இல் லக்னோ முஸ்லிம் லீக் மாநாட்டில் ஜின்னா அணிந்து வந்தது கரகுல் தொப்பி. பிறந்து ஓரிரு நாளே ஆன ஆட்டுக்குட்டியின் தோல் அது. நாள் தள்ளினால் ரோமச்சுருள் தளர்ந்துவிடும் என்பதால் அந்த அவசரம், கொடூரம்தான். இதைத் துவைக்கவே கூடாது. மழையில் நனைந்தால் உதறி, நிழலில் ஆறவிட வேண்டும். அடுப்பருகே உலர்த்தினால் அடித்தோல் விறைத்து வெடிக்கும். ஒரே கோட்டில் மடித்துக்கொண்டே இருந்தாலும் அங்கேதான் முதல் விரிசல். அந்துப்பூச்சிக்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு வைக்கலாம். ரோமத்தில் படாமல் துணியில் முடிந்து.