டெட்ராய்ட் இசை: மோடவுனா, டெக்னோவா?

கார் தொழிலால் வளர்ந்த அமெரிக்க நகரமான டெட்ராய்டின் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று தயங்குவோர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகளே நிற்கின்றன: மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்கள், மின்னணுக் கருவிகளால் உருவாகும் நடன இசையான டெக்னோ.

பிறப்பு
மோடவுன்: கார் ஆலையின் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959இல் தொடங்கினார். ஆலையில் காரைப் போலவே, பாடலாசிரியர், வாத்தியக்காரர், பாடகர், தரம் பார்க்கும் கூட்டம் என்று அங்கே பாடலும் கைமாறிக் கைமாறியே உருவானது.
டெக்னோ: ஆலைகள் மூடப்பட்டு மக்கள் வெளியேறிய 1980களில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் கொண்டு வளர்த்தது.

எளிமை
மோடவுன்: மூன்று நிமிடப் பாடல்; கார் வானொலியில் எடுபடவேண்டும் என்று சிறிய ஸ்பீக்கரில் சோதித்தே வெளியிட்டார்கள்.
டெக்னோ: பெரும்பாலும் சொற்களற்றது, நீளமானது, நல்ல ஹெட்போன் வேண்டும்.

நீடிப்பு
மோடவுன்: நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்விட்டது. ஆயினும் அதன் வாத்தியக்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் ஒற்றை விரலால் மீட்டிய பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்தால், பலமுறை கேட்ட பாடலும் புதிதாக ஒலிக்கிறது.
டெக்னோ: உள்ளூரைவிட ஐரோப்பாவில், குறிப்பாக பெர்லினில், ஆழமாக வேரூன்றியது.

குரலையும் மெட்டையும் தேடுவோர் மோடவுனிலிருந்து தொடங்கலாம். தாளம் மெல்ல மாறுவதைப் பொறுமையாகக் கவனிப்பவர்களுக்கும், கணினியில் இசையமைக்க விரும்புவோருக்கும் டெக்னோவே பொருந்தும்.