பேனிக் சிகிச்சையில் இருக்கும்போது எதை எழுதி வைப்பது?

ஒரு வாரம் முழுக்க ஒரு பேனிக் அட்டாக் (திடீரென்று பொங்கிவரும் கடும் பயமும் படபடப்பும்) கூட வரவில்லை என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். "லிஃப்டில் ஏறினீர்களா?" என்று கேட்டார் சிகிச்சை தருபவர். ஏறவில்லை. தினமும் ஐந்து மாடியும் படியில்தான் ஏறினேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாந்துபோவோம்.

அதற்காக அட்டாக் நோட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வந்த அன்றே எழுதிவிட வேண்டும், நாள் கழித்து நினைத்துப் பார்த்தால் எல்லாமே பெரிதாகத் தெரியும். நேரம், 10-க்கு எவ்வளவு பயம், எத்தனை நிமிடம், அப்புறம் இரண்டு வரி: என்ன ஆகிவிடும் என்று பயந்தேன், உண்மையில் என்ன ஆனது. "மயங்கி விழுந்துவிடுவேன்" என்று முதல் வரியிலும் "விழவில்லை" என்று அடுத்த வரியிலும் பக்கம் பக்கமாக நம் கையெழுத்திலேயே இருப்பதைப் பார்க்கும்போது வருகிற தைரியம் வேறு எதிலும் வராது.

மருத்துவரிடம் காட்ட, பேனிக் எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் பி.டி.எஸ்.எஸ். (PDSS) கேள்வித்தாள் நல்லது. 7 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 28. அட்டாக்கோடு நிற்காமல் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம், தவிர்க்கும் இடங்கள், வேலையில் பாதிப்பு எல்லாவற்றையும் கேட்கும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. (பேனிக்குக்கும் மனச்சோர்வுக்கும் தரும் ஒரு வகை மருந்து) மாத்திரை தொடங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை இதுவே போதும், ஏனென்றால் முதல் சில நாள் படபடப்பு அதிகமாகவும் வாய்ப்புண்டு, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், தினமும் மதிப்பெண் போட்டால் மனம் விட்டுப்போகும். மதிப்பெண்ணைப் பார்த்து மாத்திரையை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். படி ஏறினாலும் துடிப்பு கூடும், பயந்தாலும் கூடும், எதனால் என்று வாட்ச் சொல்லாது. மணிக்கொரு தரம் அதைப் பார்ப்பதே பயத்துக்குத் தீனி.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் நான் எடுப்பது தவிர்ப்புப் பட்டியல். பயத்தால் விட்டுவிட்ட ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் 0 முதல் 100 வரை பயத்தின் அளவு. எளிதானதில் தொடங்கி மேலே போக வேண்டும். நடுவில் அட்டாக் வந்தாலும் பாதியில் ஓடாமல் முடித்திருந்தால் அது டிக்தான். அட்டாக் நோட்டில் அதே நாள் மோசமான நாளாக இருக்கும்!

என் பட்டியலில் "லிஃப்ட், ஒரு மாடி, துணையோடு" 80-இல் இருந்தது. இப்போது "லிஃப்ட், ஐந்து மாடி, தனியாக" என்ற வரிக்குப் பக்கத்தில் 35 என்று எழுதியிருக்கிறேன்.