‘பெயர் பதித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்’: புத்தாண்டு பிளானர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பெயர் பதித்த காகித பிளானர்களை (நாள்வாரியாகத் திட்டம் எழுதும் ஏடுகளை) இன்ஸ்டாகிராமில் காட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் பெற்று விற்கும் ஒருவரிடம், 2026ஆம் ஆண்டுக்காக நானும் என் நாத்தனாரும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். எங்களுக்கு வந்து சேர்ந்தவை நாங்கள் பணம் கொடுத்த பொருள்கள் அல்ல. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் எங்களிடம் சொன்ன மறுப்பை இவ்வூரில் இன்னும் பலர் கேட்கக்கூடும் என்பதாலும், அந்த மறுப்பு சட்டப்படி நிற்காது என்பதாலும், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

கைப்பேசியில் எல்லாம் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அளவு எடுத்த நாள், போட்டுப் பார்க்க வரச்சொன்ன நாள், கொடுக்க வேண்டிய நாள், வாங்கிய முன்பணம் ஆகிய எல்லாவற்றையும் துணித்துண்டோடு ஒரே பக்கத்தில் ஒட்டி வைத்தால்தான் எனக்கு வேலை நடக்கும். நாத்தனார் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் நான்கு பருவங்களும் அச்சிட்ட பிளானர் அவருக்கு வேண்டும். இருவரும் கேட்டது நாளுக்கு ஒரு பக்கம் கொண்ட ஏ5 அளவு. நூல் தைத்த பைண்டிங், 120 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாள், தென்னாப்பிரிக்காவின் பொது விடுமுறைகள், தமிழ்ப் பண்டிகைத் தேதிகள், அட்டையில் பொன்னிற ஃபாயிலில் தமிழ்ப்பெயர், அதன் கீழே ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்ற வரி, இத்தனையும் விளம்பரத்திலேயே இருந்தன. விலை ஒன்றுக்கு 650 ராண்ட். கார்டு ஏற்க மாட்டார்கள், இ.எஃப்.டி. எனப்படும் நேரடி வங்கிப் பணமாற்றம் மட்டும்தான். அக்டோபரில் பணம் அனுப்பினோம். நவம்பர் இறுதிக்குள் கையில் இருக்கும் என்றார்கள்.

நவம்பர் போயிற்று. டிசம்பரில் கேட்டபோது அச்சகம் விடுமுறை என்று பதில் வந்தது. டிசம்பர் 16க்குப் பிறகு இங்கே சிறு அச்சகங்கள் பல மூடிக்கிடப்பது உண்மைதான் என்றாலும், நவம்பரில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அது காரணம் ஆகாது. நாள்காட்டிக்குரிய பொருள் ஆண்டு பிறந்து பாதி மாதம் கழித்து வருவதே ஒரு குறைபாடு. ஆனால் பொட்டலத்தைப் பிரித்தபோது தாமதம் சிறிய விஷயமாகிவிட்டது.

முதலில் அட்டை. ‘தை’ என்ற எழுத்தில் ஐகாரக் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ‘பிறந்தால்’, ‘பிறக்கும்’ ஆகிய சொற்களின் புள்ளிகள் எழுத்தின் தலையில் இல்லாமல் பக்கவாட்டில் விலகிக் கிடந்தன. யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை இடப்பக்கம் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. ஆங்கில எழுத்துக்காகவே அமைக்கப்பட்ட வடிவமைப்பு மென்பொருளில் தமிழை ஒட்டினால் இந்தக் கோளாறு நேரும் என்பது தமிழில் அழைப்பிதழ் அச்சிட்ட எவருக்கும் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாதவர் அச்சிடுவதில் தவறில்லை, தென்னாப்பிரிக்காவில் அதுவே இயல்பு. ஆனால் அச்சிடுமுன் அட்டையின் மாதிரியை அனுப்புங்கள் என்று நாங்கள் எழுத்தில் கேட்டிருந்தும், ‘சரி ஆன்ட்டி, அனுப்புகிறோம்’ என்று சொல்லிவிட்டு அவர்கள் அனுப்பவே இல்லை. இனி தமிழில் பெயர் பதிக்கக் கொடுப்பவர்கள் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்புவதோடு நில்லாமல், சரியாகத் தெரியும் எழுத்துகளைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ கொடுத்து, அதே வடிவத்தையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும்.

அந்த எழுத்தும் ஃபாயில் அல்ல. சூடேற்றிய உலோக அச்சை வைத்து அழுத்தும் ஃபாயில் அட்டையில் சிறு பள்ளமாகப் பதியும். விரலால் தடவினால் தெரியும். எங்கள் அட்டையில் எழுத்து மேடாக இருந்தது. அது வினைல் ஸ்டிக்கர். நாத்தனாரின் பெயரில் ஒரு மூலை அப்போதே உரிந்திருந்தது.

தாளுக்கு வருகிறேன். பைண்டிங் நூல் தைத்தது அல்ல, பசை ஒட்டியது. தைத்த புத்தகத்தின் முதுகை மேலிருந்து பார்த்தால் மடித்த தாள்கள் சிறு சிறு கட்டுகளாகத் தெரியும். ஒட்டிய புத்தகத்தில் தனித்தனித் தாள்கள் ஒரே மட்டமாக நிற்கும். மேசைமேல் விரித்து அழுத்தியதும் ஜனவரித் தாள்கள் கழன்று கையோடு வந்தன. கழன்றவை கழன்றவைதானே என்று அவற்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். ஏ5 தாள்கள் 32 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், 16 சேர்ந்தால் அரை. ஆகவே 16 தாள்களின் எடையை இரண்டால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். தராசு 35 கிராம் காட்டியது. அதாவது 70 ஜி.எஸ்.எம்.; சாதாரண நகலெடுக்கும் தாளைவிட மெலிது. மைப்பேனாவில் எழுதினால் மறுபக்கம் ஊறித் தெரிகிறது, துணித்துண்டை ஒட்டினால் பசையின் ஈரத்தில் தாள் சுருங்குகிறது.

விளம்பரத்தை இப்போது திரும்பப் படிக்கும்போது கணக்கே இடிக்கிறது. நாளுக்கு ஒரு பக்கம் என்றால் ஏறத்தாழ 190 தாள்கள் வேண்டும்; 120 ஜி.எஸ்.எம். ஏ5 தாள் ஒன்று 3.75 கிராம், அட்டை இல்லாமலே 700 கிராமைத் தாண்டும். ‘கைப்பையில் வைக்க இலேசானது’ என்றும் அதே விளம்பரம் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க முடியும். வாரத்துக்கு இரண்டு பக்கம் கொண்ட பிளானர் என்றால் தடித்த தாள் ஏற்றது, எடையும் தாங்கும்; நாளுக்கு ஒரு பக்கம் வேண்டுவோருக்கு 80 முதல் 100 வரை போதும் என்பது என் கருத்து.

உள்ளே இருந்த தேதிகள்தாம் உச்சம். நம் பொது விடுமுறைகளான ஏப்ரல் 27, ஜூன் 16, செப்டம்பர் 24 ஆகிய பக்கங்களில் ஒன்றும் இல்லை. ஜூலை 4க்கும், நவம்பர் 26க்கும் மட்டும் அமெரிக்க விடுமுறைகள் அச்சாகியிருந்தன. பொது விடுமுறையான ஆகஸ்ட் 9 2026இல் ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், நம் சட்டப்படி 10ஆம் தேதி திங்கட்கிழமையும் விடுமுறை; அதுவும் வெற்றுப் பக்கம். அமெரிக்கச் சந்தைக்கு அச்சிட்ட உட்பக்கங்களை வாங்கி, இங்கே அட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பள்ளிப் பருவங்கள் எங்கும் இல்லை. தமிழ்ப் பண்டிகைகள் என்று ஒரு தனித்தாள் செருகியிருந்தார்கள். அதில் தைப்பூசம் பிப்ரவரி 11, தீபாவளி அக்டோபர் 20. இரண்டும் 2025ஆம் ஆண்டின் தேதிகள். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, தீபாவளி நவம்பர் 8. காவடி எடுக்கும் வீட்டில் விரதம் எப்போது தொடங்க வேண்டும், வேலையிடத்தில் எந்த நாளுக்கு விடுப்பு எழுத வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தேதியைப் பொறுத்தவை. நாங்கள் கோயில் நாள்காட்டியைப் பார்ப்பவர்கள், தப்பித்தோம். பிளானரை மட்டும் நம்புகிற வீட்டில் காவடியே கடந்து போயிருக்கும்.

படங்களோடு முறையிட்டபோது வந்த பதில் ஒரே வரி: ‘ஆன்ட்டி, பெயர் பதித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம், பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.’ பிறகு, அடுத்த ஆண்டு பிளானரில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அதை மறுத்ததும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

இந்த ஒரு வரியைக் கேட்டுப் பலர் அடங்கிவிடுவதற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருப்பதுதான். தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புகள் மற்றும் பரிவர்த்தனைகள் சட்டம், இணையவழி வாங்கிய பொருளை ஏழு நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பும் உரிமையைத் தருகிறது; வாங்குபவருக்கென்றே செய்த, பெயர் பதித்த பொருள்களுக்கு அந்த உரிமை இல்லை. அதாவது, நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று சொல்லி நான் திருப்ப முடியாது. ஆனால் குறைபாடுள்ள பொருள் வேறு விஷயம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56ஆம் பிரிவுகளின்படி, பொருள் அதன் பயனுக்கு ஏற்றதாகவும் தரமானதாகவும் இல்லாவிட்டால், கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் விற்றவரின் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்பதைத் தீர்மானிப்பவர் வாங்கியவர். பெயர் பதித்திருப்பதால் இந்த உரிமை போய்விடாது. என் பெயரைப் பதித்ததால் 70 ஜி.எஸ்.எம். 120 ஆகிவிடுமா?

மேலும் அந்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, ஒப்புக்கொண்ட காலத்துக்குள், காலம் பேசாவிட்டால் 30 நாள்களுக்குள், ஆர்டரை நிறைவேற்றாதவரிடம் ஏழு நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்ய இடம் தருகிறது. தாமதத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், பொருள் வருமுன்பே இதைப் பயன்படுத்தலாம். விற்பவர் தம் முழுப்பெயரையும் இருப்பிட முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தம் இணையப் பக்கத்தில் தர வேண்டும் என்று 43ஆம் பிரிவு சொல்கிறது. எங்களிடம் விற்றவரின் பக்கத்தில் ஒரு கைப்பேசி எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் அடையாளம் இதுதான். அடுத்தது, இ.எஃப்.டி. மட்டும் என்ற நிபந்தனை: கார்டில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோர வழி உண்டு, இ.எஃப்.டி.யில் போன பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தருவதில்லை.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்கள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய சான்று, தராசுப் படம் ஆகியவற்றைச் சேர்த்து, நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்; அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே தீராவிட்டால் வழக்கறிஞர் தேவைப்படாத சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இதே வகைப் பிளானர் வாங்கி இதே பதிலைப் பெற்றவர்கள் இருந்தால், கழன்ற தாள்களையும் பொட்டலத்தின் மேலுறையையும் எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு, முதலில் விற்றவருக்கு எழுத்தில் முறையிட்டு, பின் ஆளாளுக்குத் தனிப் புகார் கொடுங்கள்.